நாபோத்தின் கேஸ் கட்டு

வேதாகமத்தில் யேசபேல் எழுதிய கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் என் கண் முதலில் முத்திரைக்குத்தான் போகும். மற்றவர்களுக்கு அது ஒரு பொல்லாத ராணியின் கதை. எனக்கு அது ஒரு ஆவணம். யார் பேரில் எழுதியது, யார் எழுதியது, எந்த முத்திரை, யாருக்குப் போனது, பதில் யாருக்கு வந்தது என்றுதான் மனசு ஓடும். கீழ்க்கோர்ட்டில் 33 வருஷம் தாள்களோடு குடித்தனம் பண்ணினவளின் வியாதி இது. 1983-ல் காப்பியிஸ்டாகச் சேர்ந்தேன். அப்புறம் டைப்பிஸ்ட். 2016-ல் ஓய்வு.

போன டிசம்பரில் எங்கள் கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு வேதபாடம் எடுக்கச் சொன்னார் ஐயர். (திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றும் பாஸ்டரை ஐயர் என்றும்தான் சொல்வோம்.) டிசம்பர் 10 மனித உரிமை நாள் வருகிறதாம், அதையொட்டி ‘வேதாகமமும் மனித உரிமையும்’ என்று பேசவேண்டுமாம்.

“ஐயரே, எனக்குப் பிரசங்கம் வராது. கேஸ்தான் தெரியும்.”

“அப்போ வேதத்துல உள்ள ஒரு கேஸை எடுங்கம்மா.”

அப்படித்தான் நாபோத்தை எடுத்தேன். ராஜாக்கள் முதலாம் புத்தகம், 21-ஆம் அதிகாரம். அன்று பேசியதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

இடம் யெஸ்ரயேல். அங்கே இஸ்ரவேலின் ராஜா ஆகாபின் அரண்மனை, அதை ஒட்டி நாபோத் என்கிற ஊர்க்காரனின் திராட்சத்தோட்டம். ஆகாப் சின்ன ராஜா இல்லை. கி.மு. 853-ல் கர்க்கார் என்ற இடத்தில் அசீரியப் படையை எதிர்த்து நின்ற கூட்டணியில் அவனும் ஒருவன். அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசார் வெட்டிவைத்த கல்லில் இஸ்ரவேலன் ஆகாப் என்று பேர் போட்டு, 2,000 ரதம், 10,000 காலாட்கள் என்று கணக்கும் இருக்கிறது. எதிரி எழுதிய கணக்கு, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பான். இருந்தாலும் அப்படிப்பட்ட ஆள் ஒரு கீரைக்கொல்லை போடப் பக்கத்து வீட்டுக்காரனிடம் போய்க் கேட்கிறான். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் விலை தருகிறேன் என்கிறான். நியாயமான பேரம். இன்றைக்கு நிலம் கையகப்படுத்துகிறவர்கள் அந்த அளவுக்காவது பேசினால் பாதி வழக்கு குறையும்.

நாபோத் சொன்னது ஒரே வாக்கியம்: “நான் என் பிதாக்களின் சுதந்தரத்தை உமக்குக் கொடாதபடி கர்த்தர் என்னைக் காப்பாராக.”

ஆகாப் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடமாட்டேன் என்கிறான். இந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி, பெண்களிடம் கேட்டேன். “2,000 ரதம் வச்சிருக்கவன் எதுக்கு இப்படிப் படுக்கான்?”

எஸ்தர் அக்கா சட்டென்று சொன்னாள்: “வேற என்ன செய்ய முடியும் அவனால?”

அதுதான் விஷயம். அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. லேவியராகமம் 25-ல் இருக்கிறது: தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால் நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம் என்று. இந்த ‘அறுதியாய்’ என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நம் பத்திரங்களில் வரும் அறுதிக் கிரயம் அப்படியே வேதத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் பத்திரம் படித்தவர்கள்தான் போல. நிலத்தின் சொந்தக்காரர் கடவுள், மனுஷன் குடியிருக்கிறவன், ஐம்பதாவது வருஷம் யூபிலியில் விற்ற நிலம் விற்றவன் குடும்பத்துக்கே திரும்பவேண்டும். இந்தச் சட்டத்துக்குமுன் ராஜாவும் இன்னொரு குடியானவன். நாபோத்துக்கு அது தெரியும். ஆகாபுக்கும் தெரியும். அதனால்தான் கோபம் வந்தும் வாளை எடுக்காமல் படுத்துவிட்டான்.

ஆகாபின் மனைவி யேசபேல் வளர்ந்த வீடு வேறு. அவள் சீதோனியரின் ராஜாவாகிய ஏத்பாகாலின் மகள். நீர்தானே ராஜா, இதற்குப் போயா இப்படி என்று புருஷனைக் கேட்டுவிட்டு, நான் வாங்கித் தருகிறேன் என்கிறாள். அவளும் சேவகரை அனுப்பவில்லை. கடிதம் அனுப்பினாள். ஆகாபின் பேரில் எழுதி, அவன் முத்திரையைப் போட்டு, நாபோத்தின் ஊர் மூப்பருக்கும் பெரியவர்களுக்கும்.

கடிதத்தில் இருந்தது முழுக்க நடைமுறை. உபவாசம் கூறுங்கள். நாபோத்தை ஜனத்தின் முன்னணியில் உட்காரவையுங்கள். இரண்டு பேரை அவனுக்கு எதிரே நிறுத்தி, தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சாட்சி சொல்லவையுங்கள். வெளியே கொண்டுபோய்க் கல்லெறியுங்கள். ஏன் இரண்டு பேர்? ஒரே சாட்சியின் வாக்கினால் யாரையும் கொல்லக்கூடாது என்று உபாகமம் 17 சொல்கிறது. ஏன் ஊருக்கு வெளியே? அதுவும் முறைதான். குற்றச்சாட்டும் யாத்திராகமம் 22-ல் உள்ள பிரிவு: தேவனைத் தூஷியாதே, உன் ஜனத்தின் அதிபதியைச் சபியாதே. அப்பீலுக்குப் போனால் எண்கள் எல்லாம் சரியாக இருக்கும்.

ஒன்றே ஒன்று இல்லை. பொய்ச்சாட்சி என்று சந்தேகம் வந்தால் நியாயாதிபதிகள் நன்றாய் விசாரணை செய்யவேண்டும் என்று உபாகமம் 19 சொல்கிறதே, அது நடக்கவில்லை. குறுக்கு விசாரணை இல்லை. நாபோத்தின் வாக்குமூலம் கேஸ் கட்டிலேயே இல்லை. அதிகாரம் முழுக்க அவன் பேசியது ராஜாவிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும். சாட்சிகள் சொன்னதோ, கடிதத்தில் எழுதியிருந்த அதே வாக்கியம்.

இந்த அதே வாக்கியம் என்பதில் எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தொண்ணூறுகளில், பேர் வேண்டாம், ஒரு கோர்ட்டில், சாலையோரம் 42 சென்ட் நிலத்துக்கு ஒரு வழக்கு. பிரதிவாதி ஒரு பாட்டி. வாதி தரப்புச் சாட்சி ஒருவர் கூண்டில் ஏறி, “அன்று வெள்ளிக்கிழமை, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வரும்போது, பிரதிவாதி பணத்தை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்ததைப் பார்த்தேன்” என்றார். டைப் அடித்தேன். அடுத்த வாய்தாவில் இரண்டாவது சாட்சி. அவரும் வெள்ளிக்கிழமை, அவரும் புல், அவருக்கும் முந்தானை. காதுக்குத் தெரியுமுன் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அடிக்கும்போதே அடுத்த சொல் என்னவென்று விரல் போகிறது. நிமிர்ந்து பார்த்தேன். பாட்டியின் வக்கீல் ஏதோ வேறு கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. டைப்பிஸ்ட் பேசுகிற இடமில்லை அது. மேலே அடித்தேன்.

சரி, நாபோத்துக்கு வருகிறேன்.

கல்லெறிந்து கொன்றார்கள். அப்புறம் மூப்பர்கள் தகவல் சொல்லி அனுப்பினார்கள். யாருக்கு? யேசபேலுக்கு. கடிதம் வந்தது ஆகாபின் பேரில், ஆகாபின் முத்திரையோடு. பதில் போனது யேசபேலுக்கு. எட்டாம் வசனத்தையும் பதினாலாம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தபால் பிரிவில் ஒரு நாள் வேலை பார்த்தவனும் இதைப் பிடித்துவிடுவான். யார் எழுதியது, எதற்கு எழுதியது என்று யெஸ்ரயேல் மூப்பருக்கு அன்றைக்கே தெரியும். ராஜாவின் உத்தரவு, நாங்கள் என்ன செய்ய என்று அவர்கள் சொல்லிக்கொள்ள அந்த முத்திரை உதவியது, அவ்வளவுதான்.

ஆகாபைப் பற்றியும் யேசபேலைப் பற்றியும் ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வருகிறோம். அந்த மூப்பர்களைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. நாபோத்தோடு ஒலிமுகவாசலில், அதாவது ஊர்வாசலில், உட்கார்ந்து வழக்குத் தீர்த்தவர்கள், அவன் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். அவர்கள் மட்டும் முடியாது என்றிருந்தால் யேசபேலால் என்ன செய்திருக்க முடியும்? ஒருவேளை சேவகரை அனுப்பியிருப்பாள். ஆனால் அது கொலை என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தீர்ப்பு என்ற பேர் வந்திருக்காது.

இன்னொரு சங்கதி. நாபோத் செத்தால் தோட்டம் எப்படி ராஜாவுக்குப் போகும்? பிள்ளைகளுக்கு அல்லவா போகவேண்டும்? இதற்குப் பதில் இந்த அதிகாரத்தில் இல்லை. ராஜாக்கள் இரண்டாம் புத்தகம் ஒன்பதாம் அதிகாரத்தில், பல வருஷம் கழித்து, படைத்தலைவன் யெகூ பேசுகிற பேச்சில் போகிறபோக்கில் வருகிறது: நாபோத்தின் இரத்தத்தையும் அவன் குமாரரின் இரத்தத்தையும் கண்டேன் என்று கர்த்தர் சொன்னதாக. வாரிசுச் சான்றிதழில் எழுதப் பேர் இல்லாமல் பண்ணிவிட்டார்கள்.

ஆகாப் சுவாதீனம் எடுக்கத் தோட்டத்துக்கு இறங்கிப் போகிறான். அங்கே எலியா தீர்க்கதரிசி நிற்கிறார். “நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ?” ஆகாப் கொலை செய்யவில்லை. கடிதம் எழுதவில்லை. கட்டிலில் படுத்திருந்தான். முத்திரை அவனுடையது, அனுபவம் அவனுடையது, ஆகவே கொலையும் அவனுடையது என்று தீர்ப்பு. குற்றத்தை மறுத்து ஒரு வார்த்தை அவனால் பேச முடியவில்லை. சுற்றிலும் இருந்த தேசங்களில் ஒரு ராஜாவின் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லிவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போயிருக்க முடியுமா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

‘எடுத்துக்கொண்டது’ என்றதும் எனக்கு ஒரு பழைய பட்டியல் நினைவுக்கு வரும். ஆகாபுக்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால், ஜனங்கள் வந்து எங்களுக்கு ராஜா வேண்டும் என்று கேட்டபோது, சாமுவேல் தீர்க்கதரிசி அதை வாசித்தார் (சாமுவேல் முதலாம் புத்தகம், 8-ஆம் அதிகாரம்). உங்கள் குமாரரை எடுப்பான், குமாரத்திகளை எடுப்பான், வயல்களிலும் திராட்சத்தோட்டங்களிலும் ஒலிவத்தோப்புகளிலும் நல்லவற்றை எடுப்பான், வேலைக்காரரையும் கழுதைகளையும் எடுப்பான். மூல எபிரெயுவில் இந்த ‘எடுப்பான்’ நான்கு தடவை வருகிறது. போதாததற்குத் தானியத்திலும் ஆட்டிலும் பத்தில் ஒன்று. தமிழில் இந்தப் பட்டியலுக்கு ‘ராஜாவின் காரியம்’ என்று தலைப்பு மாதிரி இருக்கிறது. எபிரெயுவில் அந்த இடத்தில் உள்ள சொல் ‘மிஷ்பாத்’. நியாயம், தீர்ப்பு, வழக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ராஜாவின் நியாயம் என்றும் படிக்கலாம். சாமுவேல் கேலியாகத்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குப் படுகிறது.

பின்னால் வந்தவர்கள் இதை வைத்து எப்படியெல்லாம் வாதாடினார்கள் தெரியுமா? வேதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கச் சொன்னாரே, அந்த ஜேம்ஸ் ராஜா, 1598-ல் ஸ்காட்லாந்தை ஆண்டபோது எழுதிய நூலில், ராஜா என்ன செய்தாலும் குடிகள் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்பதற்கு இந்த அதிகாரத்தையே சாட்சிக்கு இழுக்கிறார். 1776-ல் தாமஸ் பெயின் அமெரிக்காவில் இதே அதிகாரத்தை எடுத்து, ராஜாக்களே வேண்டாம் என்பதற்கு எக்ஸிபிட் போட்டார். ஒரே ஆவணம், இரண்டு தரப்பும் தாக்கல் செய்தது. கோர்ட்டில் இதெல்லாம் சகஜம்.

ஆனால் ஜனங்கள் ஏன் ராஜா கேட்டார்கள் என்பதை மட்டும் நாம் வேகமாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். அதற்குமுன் நியாயாதிபதிகளின் காலம். எப்பிராயீம் மலைத்தேசத்தில் ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தடியில் தெபொராள் உட்கார்ந்திருப்பாள், ஜனங்கள் வழக்கோடு அவளிடம் போவார்கள். சாமுவேலோ வருஷந்தோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று சுற்றிவந்து வழக்குக் கேட்டுவிட்டு ராமாவுக்குத் திரும்புவார். இன்றைக்கு கேம்ப் கோர்ட் என்கிறோமே, அது. அரண்மனை இல்லை, படை இல்லை, வரி இல்லை. நியாயம் தீர்ப்பதுதான் அரசாங்கம். அதன் குறைகளும் நியாயாதிபதிகள் புத்தகத்தின் கடைசி அதிகாரங்களில் பச்சையாக இருக்கின்றன, இரவில் படிக்க முடியாது.

அந்த ஏற்பாடு கவிழ்ந்தது எங்கே? சாமுவேல் வயசான பிறகு தன் பிள்ளைகள் யோவேலையும் அபியாவையும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். மூப்பர்கள் கூடி வந்து, உம்முடைய பிள்ளைகள் சரியில்லை, எங்களுக்கு ராஜாவை ஏற்படுத்தும் என்றார்கள். கோர்ட் கெட்டுப்போனது, அதனால் ராஜா வந்தான். ராஜா வந்த பிறகு அதே கோர்ட்டை வைத்து நாபோத்தைக் கொன்றான். தீர்க்கதரிசியின் வீட்டுக்குள்ளேயே வாரிசு அரசியல் இருந்தது என்பதை வேதம் மறைக்கவில்லை. அது எனக்குப் பிடிக்கும்.

சாமுவேல் விலகும்போது ஜனங்கள்முன் நின்று கேட்பார்: நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்? யார் கையில் பரிதானம் வாங்கினேன்? ஒருவரிடமும் இல்லை என்று அவர்கள் சொன்னபிறகுதான் மேலே பேசுவார். நான் ஓய்வு பெறும்போது நோ டியூ சர்டிபிகேட்டுக்காக நூலகம், ஸ்டோர், கணக்குப் பிரிவு என்று கையெழுத்துக்கு அலைந்தேனே, அப்போது இந்த வசனம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு ஸ்டேப்ளருக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது எனக்கு.

ராஜா வேண்டவே வேண்டாம் என்றும் வேதம் சொல்லவில்லை. வைத்துக்கொள், ஆனால் இப்படி என்று உபாகமம் 17-ல் ஒரு பகுதி இருக்கிறது. குதிரைகளைப் பெருக்காதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்காதே. சாலொமோன் இந்த மூன்றையும் வரிசையாக மீறினான்: குதிரைவீரர் 12,000, மனைவிகள் 700, மறுமனையாட்டிகள் 300, வருஷ வருமானம் 666 தாலந்து பொன். உபாகமம் சாலொமோனுக்கு ரொம்பப் பிந்தி, யூதாவின் ராஜா யோசியாவின் காலத்தை ஒட்டி எழுதப்பட்டது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் அனுபவப்பட்டு எழுதினார்கள் என்று அர்த்தம். எனக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஆனால் என் மனசு நிற்பது அடுத்த வசனத்தில். ராஜா சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் செய்யவேண்டிய வேலை, ஆசாரியரான லேவியரிடம் இருக்கிற நியாயப்பிரமாணத்தைப் பார்த்துத் தனக்காக ஒரு பிரதி எழுதிக்கொள்வது. பார்த்து எழுதுகிற வேலை. காப்பியிஸ்ட் வேலை!

நான் சேர்ந்த புதிதில் நகல் பிரிவில் ஒரு மேசை, ஒரு மர ஸ்டூல். தீர்ப்பின் நகல் அடித்து முடித்ததும் ஒப்பிடவேண்டும். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் நகலைப் பார்ப்பார், காற்புள்ளி உட்பட. ஒருநாள் ஒரு ‘அல்ல’வை விட்டுவிட்டேன். ‘கடமைப்பட்டவர் அல்ல’ என்பது ‘கடமைப்பட்டவர்’ ஆகிவிட்டது. சூப்பிரண்டன்ட் திட்டவில்லை. ஒன்பது பக்கத்தையும் முதலிலிருந்து அடிக்கச் சொன்னார். அன்றைக்குத் தெரிந்தது, நகல் எடுக்கிறவனுக்குத் தன் சொந்தக் கருத்து என்று ஒன்று கிடையாது. பாபிலோனிய ராஜா அம்முராபியின் சட்டக்கல் பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மேலே ராஜா தெய்வத்தின் எதிரே நிற்கிறான், கீழே அவன் பேரில் சட்டங்கள். வேதத்தின் ஐந்து ஆகமங்களிலும் ராஜாவின் பேரில் ஒரு சட்டம்கூட இல்லை. ராஜாவுக்கு மர ஸ்டூலில் இடம் போட்டிருக்கிறது. தன் சகோதரர்மேல் அவன் இருதயம் மேட்டிமை கொள்ளாதபடிக்கு என்று காரணமும் எழுதியிருக்கிறது.

மனித உரிமை என்ற சொல் வேதத்தில் கிடையாது. இருப்பதெல்லாம் சாமான்கள். அடகு வாங்கிய போர்வையைப் பொழுது போகுமுன் திருப்பிக் கொடு, அவன் எதைப் போர்த்துக்கொண்டு படுப்பான்? திரிகைக் கல்லை அடகு வாங்காதே, அது அவன் பிழைப்பு. அடகு வாங்கப் போனால் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே எடுத்துவந்து தருவான். இந்தக் கடைசிச் சட்டத்தை எங்கள் அமீனாக்கள் யாராவது படித்திருப்பார்களா தெரியாது. ஆனால் நம் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில் ஜப்தி செய்யக்கூடாத பொருள் என்று ஒரு பட்டியல் வரும்: உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்கிறவனின் கருவிகள். முதல் தடவை அதை டைப் அடித்தபோது, இது எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதே என்றுதான் தோன்றியது. போர்வையும் திரிகையும்தான்.

போர்வைச் சட்டத்தை யாராவது கடைப்பிடித்தார்களா என்று கேட்டால், மீறியவனைப் பற்றிய பிராது ஒன்று கிடைத்திருக்கிறது. 1960-ல் இஸ்ரேலின் கடற்கரையோரம், யாவ்னே-யாம் என்ற இடத்துக்குத் தெற்கே ஒரு பழைய கோட்டையைத் தோண்டியபோது கிடைத்த பானை ஓடு. கறுப்பு மையில் 14 வரி. கி.மு. ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, யோசியாவின் காலம் என்கிறார்கள். அறுப்பு வேலைக்காரன் ஒருவன் அதிகாரிக்குச் சொல்லுகிறான்: என் ஆண்டவனாகிய அதிகாரி தன் அடியானின் வார்த்தையைக் கேட்கட்டும். நான் அறுத்து, அளந்து, சேர்த்துவைத்துவிட்டேன். ஷோபாயின் மகன் ஓஷாயா வந்து என் உடுப்பை எடுத்துக்கொண்டான். என்னோடு வெயிலில் அறுத்தவர்கள் எல்லாரும் எனக்காகச் சாட்சி சொல்லுவார்கள். நான் குற்றமில்லாதவன், உடுப்பைத் திருப்பித் தரச் சொல்லும்.

இதன் மொழிபெயர்ப்பைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அறுத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். உடுப்பை எடுத்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். எழுதத் தெரியாதவன் பேசப் பேச, யாரோ ஒரு எழுத்தர் அப்படியே எழுதியிருக்கிறார். திருத்தவில்லை, சுருக்கவில்லை. வக்கீல் தயார் பண்ணாத சாட்சி அப்படித்தான் பேசும். அந்த எழுத்தரின் கையை எனக்குத் தெரியும் என்பதுபோல் இருந்தது. நாபோத்துக்கு எதிராக ஒரே வாக்கியம் பேசிய இரண்டு பேரும் இவனும் எவ்வளவு தூரம்.

எல்லாம் அழகாக இருக்கிறது என்று முடித்துவிட முடியாது. யாத்திராகமம் 21-ல், எஜமான் அடித்த அடிமை ஒன்றிரண்டு நாள் உயிரோடிருந்து செத்தால் தண்டனை இல்லை, அவன் எஜமானின் பணம் என்று இருக்கிறது. போர்வைக்காக இரங்குகிற அதே அதிகாரங்களுக்குப் பக்கத்தில்தான் இதுவும். ஐக்கிய சங்கத்தில் இதையும் வாசித்தேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. ஓடிவந்த அடிமையை எஜமானிடம் திருப்பி ஒப்படைக்காதே என்று உபாகமம் 23 சொல்வதையும் வாசித்தேன். ஒன்றை வைத்து இன்னொன்றை அழித்துவிட எனக்கு மனசில்லை. இரண்டும் கேஸ் கட்டில் இருக்கட்டும்.

சட்டம் மாறியதற்கும் ஒரு கேஸ் உண்டு. எண்ணாகமம் 27. செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை, ஐந்து பெண்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மோசேயின் முன்னால் வந்து, எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லாததால் அவர் பேர் அற்றுப்போகலாமா, எங்களுக்கும் பங்கு கொடும் என்றார்கள். மோசே கடவுளிடம் போனார். அவர்கள் கேட்பது சரி என்று தீர்ப்பு வந்தது. ஆனால் 36-ஆம் அதிகாரத்தில் கோத்திரத்துப் பெரியவர்கள் மறுபடி மனுப்போட்டு, அந்தப் பெண்கள் சொந்தக் கோத்திரத்தில்தான் கல்யாணம் பண்ணவேண்டும் என்று ஒரு நிபந்தனை வாங்கிவிட்டார்கள். கொடுத்ததில் கொஞ்சம் திரும்பப் பிடுங்குகிற வழக்கம் பழசு.

இதைச் சொன்னபோது நாகர்கோவில் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் அம்மாவும் அந்தப் பக்கம்தான். பழைய திருவிதாங்கூரில் 1916-ல் கிறிஸ்தவர்களுக்குப் போட்ட வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் செத்தால் மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம், அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. கேரளத்தின் மேரி ராய் உச்சநீதிமன்றம் வரை போய், மகளுக்கும் சமபங்கு என்று 1986-ல் தீர்ப்பு வாங்கினார். வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்த சபைகள் எண்ணாகமம் 27-ஐ எடுத்துக்கொண்டு முன்னால் போயிருக்கவேண்டும். போகவில்லை. என் அம்மாவுக்குத் தகப்பன் வீட்டிலிருந்து வந்தது ஒரு வெண்கல உருளி.

டிசம்பர் 10-ஐப் பற்றியும் ஒரு வரி சொல்லவேண்டும், ஐயர் கேட்டது அதுதானே. 1948-ல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் மாலிக் என்கிற கிறிஸ்தவர். லெபனான்காரர். சீதோன் இன்றைக்கு லெபனானில்தான் இருக்கிறது. யேசபேலின் சீமையிலிருந்து ஒருவர் வந்து, யாருடைய சொத்தையும் தன்னிச்சையாகப் பறிக்கக்கூடாது, யாரையும் நியாயமான விசாரணையில்லாமல் தண்டிக்கக்கூடாது என்று எழுத உதவினார் என்று சொன்னேன். எஸ்தர் அக்கா கை தட்டினாள்.

பாடம் முடிந்து காபி கொடுக்கும்போது, சட்டக் கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்தவள்.

“ஆன்ட்டி, யேசபேலே கைப்பட லெட்டர் எழுதியிருப்பாளா?”

“ராணியாச்சே. சொல்லியிருப்பா. எழுதறதுக்கு அரண்மனைல ஆள் இருந்திருக்கும்.”

“அப்போ அந்த ஆளுக்குத் தெரியும்ல?”

தெரியும் என்றேன். முதலில் தெரிந்தது அவனுக்குத்தான். மூப்பருக்குமுன், சாட்சிகளுக்குமுன், நாபோத்துக்குமுன். முத்திரையைச் சூடு பார்த்து வைத்ததுகூட அவனாகத்தான் இருக்கும். களிமண்ணாக இருந்தால் ஈரம் பார்த்து.

அந்த 42 சென்ட் கேஸில் டிக்ரி வாதிக்கு ஆனது. சுத்தப் பிரதி அடித்தது நான். கையெழுத்துக்கு வைத்து, வாங்கி, கோர்ட் முத்திரையை மையில் அழுத்திப் பதித்ததும் நான்தான். நன்றாக விழவில்லை என்று இரண்டாம் தடவையும் பதித்தேன்.

“அவனுக்கு என்ன ஆச்சு ஆன்ட்டி? வேதத்துல இருக்கா?”

“இல்லம்மா. ரிட்டயர் ஆயிருப்பான்.”

அவள் சிரித்தாள். காபி ஆறிவிட்டிருந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை வந்து பெஞ்சுகளை அடுக்க ஆரம்பித்தார், நாங்களும் எழுந்து ஒரு பக்கம் பிடித்தோம்.